மாதிரி எடுப்பதில் சறுக்கும் இடங்கள்

முழுமைத்தொகுதி, அதாவது யாரைப் பற்றி அறிய வேண்டுமோ அந்த மொத்தக் கூட்டம், எது என்று எழுதி வைக்காமலேயே மாதிரி எடுக்கக் கிளம்பிவிடுவதுதான் முதல் தவறு. 'மாணவர்கள்' என்றால் போதாது. எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு, இடையில் நின்றவர்களும் சேர்த்தியா என்பது வரை தெளிவாக வேண்டும். பிறகு, கையிலுள்ள பட்டியல் அந்தத் தொகுதியைத்தான் காட்டுகிறதா என்று பாருங்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது கணிப்பு. 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளியவர் ரூஸ்வெல்ட். சீட்டு அனுப்பிய பெயர்களில் பெரும்பகுதி, வசதியுள்ளவர்களே அதிகம் இருந்த தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் வந்தவை. போதாக்குறைக்கு, பதில் போட்டவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். மாதிரியைப் பெரிதாக்கினால் தற்செயல் பிழை குறையும். சாய்வு அப்படியே இருக்கும்.

வாசலில் நின்று கண்ணில் பட்டவரைக் கேட்பது சமவாய்ப்பு முறை ஆகாது. பட்டியலுக்கு எண் இட்டு, சமவாய்ப்பு எண்களால் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முறைசார் கூறெடுப்பில், அதாவது பட்டியலில் சம இடைவெளி விட்டு ஆட்களை எடுக்கும் முறையில், 1200 பேரிலிருந்து 100 பேர் வேண்டுமென்றால் இடைவெளி 12. தொடக்க எண்ணை 1 முதல் 12-க்குள் குலுக்கி எடுக்க வேண்டும். பலர் இதை மறந்து 1-இலேயே தொடங்குவார்கள். பட்டியல் 12 பேர் கொண்ட குழுக்களாக, குழுத்தலைவர் பெயர் முதலில் வரும்படி இருந்தால்? 1 விழுந்தால் 100 பேரும் தலைவர்கள். 7 விழுந்தால் ஒரு தலைவர்கூட இல்லை. குலுக்கல் இங்கே காப்பாற்றாது. பட்டியலையே கலைத்து அடுக்க வேண்டும்.

பரீட்சையில் அதிகம் குழம்புவது படுகை முறையும் கொத்து முறையும். ஒத்த இயல்புடையோரைப் படுகைகளாகப் பிரித்து, எல்லாப் படுகையிலும் சிலரை எடுப்பது முன்னது. வகுப்பு, தெரு போன்ற கொத்துகளில் சிலவற்றை மட்டும் எடுத்து அவற்றில் எல்லாரையும் கேட்பது பின்னது. பெயர் மாறினால் மதிப்பெண்தான் போகும். கொத்து மாதிரியை எளிய சமவாய்ப்பு மாதிரியாக எண்ணித் திட்டப்பிழையை (மதிப்பீடு எவ்வளவு தவறலாம் என்ற அளவை) கணக்கிட்டால் முடிவே பொய்யாகும்.

30 பேர் வீதம் 20 வகுப்புகள், மொத்தம் 600 பேர் என்று வையுங்கள். ஒரே வகுப்பினரின் விடைகள் ஓரளவு ஒத்திருக்கும். அந்த ஒற்றுமையை அளக்கும் ஒட்டுறவுக் கெழு வெறும் 0.05 என்றாலும், பரவற்படி (மதிப்பீட்டின் சிதறல் அளவு) 1 + 29 × 0.05 = 2.45 மடங்காகிறது; 29 என்பது வகுப்பின் 30 பேரில் ஒன்று குறைவு. 600-ஐ 2.45-ஆல் வகுத்தால் கிடைப்பது சுமார் 245 பேருக்குரிய துல்லியம்தான். அதே 600 பேரை 60 வகுப்புகளிலிருந்து பத்துப் பத்துப் பேராக எடுத்தால் பெருக்கம் 1.45, துல்லியம் சுமார் 414 பேருக்கு உயரும். அலைச்சல் கூடும் என்பது வேறு விஷயம்.