மார்கழியில் பழைய புல்லட்டில் ஜவ்வாது மலைச் சுற்று

வெயிலுக்குப் பேர்போன வேலூரில் பழைய புல்லட்டை முழுநாள் ஓட்டுவதற்கு மார்கழியும் தையும்தான் தோதான மாதங்கள். காற்றினால் மட்டுமே குளிரும் அந்த 346 சிசி வார்ப்பிரும்பு எஞ்சின், சித்திரையில் மலையேறும்போது திணறுவதைப் போல இப்போது திணறுவதில்லை. கண்ணமங்கலம், போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறி, காவலூர், ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கு இறங்கி, ஆம்பூர் வழியே திரும்பும் சுற்று ஏறத்தாழ 200 கிலோமீட்டர். எதிர்த்திசையில் செல்வோரும் உண்டு. ஆனால், பெங்களூரு நெடுஞ்சாலையின் லாரிகளைக் காலைப் பனிமூட்டத்தில் டிரம் பிரேக் வண்டியில் எதிர்கொள்வது விவேகமன்று என்பதால், அந்தச் சாலையைப் பிற்பகலுக்கு ஒதுக்கிவிடுவது என் வழக்கம்.

முதல் நாள் மாலையே, எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போது, டாப்பெட்டை, அதாவது வால்வைத் தள்ளித் திறக்கும் தண்டின் இடைவெளியை, சரிபார்க்க வேண்டும்: அந்தத் தண்டை விரல்களால் உருட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. கிளட்ச் கேபிள் ஒன்று, பிளக் ஒன்று, செயின் லாக், ஒரு துண்டு உப்புத்தாள், உலர்ந்த துணி ஆகியவை பெட்டியில் இருக்கட்டும்.

காலையில்தான் பொறுமை தேவை. இரவெல்லாம் வெளியில் நின்ற வண்டியில் பிளக்கில் தீப்பொறி எழ மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாயிண்டின் மூடிக்கு உட்புறம் ஈரம் பூத்திருக்கும். அதைத் துணியால் ஒற்றாமல் உதைத்துக்கொண்டே இருந்தால் கால் வலிப்பதுதான் மிச்சம். சோக் போட்டு, சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தினால், ஆம்ப் மீட்டர் முள் இடப்பக்கம் சாய்ந்து, பாயிண்ட் திறக்கும் இடத்தில் நடுவுக்குத் திரும்பும். அங்கே நிறுத்தி, எஞ்சினுள் அழுத்தத்தை வெளியேற்றும் டி-கம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பின்பு உடலின் எடை முழுவதையும் கொடுத்து ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். அரை மனதுடன் மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும்; என் முழங்காலுக்குக் கீழே உள்ள தழும்பு அப்படி வந்ததுதான். கிளம்பிய பின் முதல் 5 கிலோமீட்டருக்கு ஆக்ஸிலரேட்டரை முறுக்காமல் செல்வது நல்லது.

‘தைப்பனி தரையைத் துளைக்கும்’ என்பார்கள்; 60 கிலோமீட்டர் வேகத்தில் அது முதலில் துளைப்பது விரல்களைத்தான் என்பதால், கையுறை அவசியம். சால்வை போர்த்திச் செல்வது அறவே கூடாது, அதன் முனை செயினில் சிக்கும். விடிந்த பிறகு, ஆறரை மணியளவில் புறப்பட்டால் போதும். பழைய வண்டியின் முகப்பு விளக்கை நம்பி அதற்கு முன் கிளம்ப வேண்டியதில்லை.

ஊர்ப்புறச் சாலைகளில் கொள்ளுச்செடியையும் சாமைக்கதிரையும் சாலை நடுவிலேயே பரப்பி வைத்திருப்பார்கள், போகிற வண்டிகள் போரடித்துக் கொடுக்கட்டும் என்று. இரு சக்கர வண்டிக்கு அது எண்ணெய் ஊற்றிய தரைக்குச் சமம். பிரேக்கைத் தொடாமல், வண்டியைச் சாய்க்காமல், ஒரே சீராகக் கடந்து, அப்பால் நிறுத்திச் சூடான சைலன்ஸரிலும் செயினிலும் பயிரின் தாள் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட வேண்டும்; காய்ந்த தாள் புகைந்து தீப்பற்றக்கூடும்.

போளூரில் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு ஏறலாம். வலக்கால் கியர் கொண்ட பழைய வண்டியில் முதல் கியர் மேலே, மற்றவை கீழே. புது வண்டிகளுக்குப் பழகியவர் கொண்டை ஊசி வளைவில் பதறிப்போய் பிரேக் என்று வலக்காலை அழுத்தினால், வண்டி நிற்பதற்குப் பதிலாக மேல் கியருக்கு மாறிவிடும் என்பதால், மலைக்கு வரும்முன் இடக்கால் பிரேக்கைச் சமவெளியிலேயே நன்கு பழகியிருக்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்குவது முறை. டிரம் பிரேக்கை விடாமல் பிடித்திருந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி கொண்ட வைணு பாப்பு வானாய்வகத்தை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு, ஆலங்காயம் வழியாக இறங்கினால், ஒரு மணியளவில் ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் கிடைக்கும். நெடுஞ்சாலையில் இடப்பக்கத் தடத்தை விடாமல் 60-ஐத் தாண்டாமல் வந்தால், இருட்டுவதற்கு வெகுமுன்பே வேலூர் வந்துவிடும். வீட்டில் நிறுத்தியவுடன் பெட்ரோல் டேப்பை மூட வேண்டும். வழியில் டாப்பெட் சத்தம் கூடியதாகத் தோன்றியிருந்தாலும், மறுநாள் காலை எஞ்சின் ஆறிய பிறகுதான் அதில் ஸ்பேனர் வைக்க வேண்டும்.