வெறும் வயிற்று மாட்டைப் பாசிக் குளத்தில் இறக்காதீர்கள்

காலையில் பால் கறந்ததும் மாட்டை அவிழ்த்து, தீனி எதுவும் போடாமல் நேரே குளத்துக்குப் பற்றிப் போகிறவர்கள் நம் குமரி மாவட்டத்தில் உண்டு. தேரூர், சுசீந்திரம் பக்கம் குளத்துக்கா பஞ்சம்? தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை சரி. பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் பாசி ஏடு படிந்திருந்தால் இந்தப் பழக்கம் மாட்டின் ஈரலுக்கு ஆபத்து.

எல்லாப் பாசியும் ஒன்று என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஒரு குச்சியால் தூக்கிப் பாருங்கள். முடிபோல் தொங்கினால் அது நூல்பாசி, பெரும்பாலும் கெடுதல் இல்லை. குச்சியில் பெயின்ட் போல ஒட்டினால் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சான மைக்ரோசிஸ்டின், பித்த உப்புகளை ஈரலுக்குள் கொண்டுபோகும் வழியாகவே ஈரல் செல்லுக்குள் நுழைகிறது. செல்லைத் தாங்கும் சட்டகம் சரிய, ஈரலுக்குள்ளேயே ரத்தம் கசிந்து தேங்கி அது வீங்கும்.

இதில் பசிக்கும் பங்கு உண்டு. எலிகளில் சோதித்தபோது, பட்டினி கிடந்தவை தீனி தின்றவற்றைவிடக் குறைந்த அளவு நஞ்சிலேயே செத்தன. ஈரல் நஞ்சை முறிக்கப் பயன்படுத்தும் குளுட்டாதயோன் பட்டினியில் குறைந்துபோவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மாட்டின் பெருவயிறு ஓர் இரவில் காலியாகிவிடாது, அதனால் எலிக் கணக்கை அப்படியே மாட்டுக்குப் போடக் கூடாது. ஆனாலும் பசியும் தாகமுமாக வருகிற மாடு ஒரே மூச்சில் குடிக்குமே! வயிற்றுப் பூச்சி மருந்து கொடுப்பதற்காக இரவு முழுக்கப் பட்டினி போட்ட ஆட்டையும் அங்கே விடாதீர்கள்.

‘வைக்கோல் தின்றுவிட்டது, இனி பயமில்லை’ என்பதும் தவறு. நஞ்சு அதிகமானால் நிறைந்த வயிறும் காப்பாற்றாது. காய்ச்சினாலும் இந்த நஞ்சு அழியாது. துருசு (மயில்துத்தம்) போட்டுப் பாசியைக் கொன்ற உடனே தண்ணீர் காட்டுவது இன்னும் மோசம், செத்த பாசி உடைந்து உள்ளிருக்கும் நஞ்செல்லாம் தண்ணீரில் கலந்துவிடும்.

காற்று ஏட்டை ஒரு கரையில் ஒதுக்கும். மேற்குக் காற்று அடிக்கும் நாளில் கிழக்குக் கரையில்தான் அது கெட்டியாகக் கிடக்கும். அந்த நாட்களில் முதலில் புல்லோ வைக்கோலோ போட்டு, அப்புறம் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக் காட்டுங்கள்.

ஏடு படிந்த குளத்தில் குடித்த மாடு தள்ளாடினாலோ தீனி எடுக்காவிட்டாலோ மறுநாள்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், சில மணி நேரத்திலேயே செத்துப்போகலாம். உடனே கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962-க்கு அழையுங்கள். கடைசியாக எப்போது தின்றது, எந்தக் கரையில் குடித்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.