லித்தியம் பேட்டரி மாட்டுவதற்கு முன்னால் மீட்டரைக் கையில் எடுங்கள்

மியான்மரின் மௌல்மீனில் எங்கள் பைக் பட்டறைக்கு வரும் பையன்கள் பலர் இப்போது கையிலேயே புது பேட்டரியோடு வருகிறார்கள். "அண்ணே, லித்தியம் வாங்கியாச்சு, மாட்டிக் கொடுங்க" என்பார்கள். வண்டி எத்தனை வோல்ட் சார்ஜ் ஏற்றுகிறது என்று பார்த்தாயா தம்பி என்று கேட்டால் பதில் இருக்காது. மாட்டுவது கால் மணி நேர வேலைதான். அந்த பேட்டரி அடுத்த மழைக்காலத்தைப் பார்க்குமா என்பதை அதற்கு முன்னால் செய்யும் சோதனைதான் முடிவு செய்கிறது. அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் எந்த லித்தியம் என்று பாருங்கள். பைக்குக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. ஒரு செல் 3.2 வோல்ட். நான்கை வரிசையாகச் சேர்த்தால் 12.8. முழுச் சார்ஜுக்கு 14.4 முதல் 14.6 வரை ஏற்ற வேண்டும். பேட்டரிக்குப் போகும் வோல்ட்டை அளவாக வைக்கும் பைக்கின் ரெகுலேட்டர் தருவதும் ஏறக்குறைய அதே அளவு என்பதால்தான் இந்த வகை நம் வண்டியோடு ஒத்துப்போகிறது. லேப்டாப்பில் கழற்றிய 3.7 வோல்ட் செல் மூன்றைச் சேர்த்து ஒட்டினால் அதன் உச்சமே 12.6 வோல்ட். அதில் 14.4 ஏற்றினால் தீப்பிடிக்கலாம். யார் மலிவாகக் கட்டித் தந்தாலும் அதை வாங்காதீர்கள்.

இன்னொன்றும் இங்கே நடக்கிறது. கரண்ட் அடிக்கடி போவதால் வீட்டு இன்வெர்ட்டருக்கு லித்தியம் செல் வாங்காத ஆள் குறைவு. மிச்சமான நான்கு செல்லைக் கட்டி பைக்கில் வைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். செல்லின் வகை சரிதான். ஆனால் செல்ஃப் மோட்டார் சுற்றத் தொடங்கும் நொடியில் ஐம்பது ஆம்பியருக்கு மேலேகூட இழுக்கும். விளக்கும் மின்விசிறியும் ஓட்டுவதற்கான செல் பல நேரம் அந்த இழுப்பைத் தாங்காது. கூட வைத்த பி.எம்.எஸ். பலகை, அதாவது செல்லைக் காக்கிற மின்னணுப் பலகை, 20, 30 ஆம்பியருக்கானது என்றால் பட்டென்று துண்டித்துவிடும். எஞ்சின் ஓடும்போது அப்படித் துண்டித்தால் எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருகிற காயிலில் இருந்து வருவதற்குப் போக இடமில்லாமல் வோல்ட் எகிறும். ஹெட்லைட் பல்பு போகும். பெட்ரோலை மின்னணு முறையில் தெளிக்கும் எஃப்.ஐ. வண்டியில் எஞ்சினை ஆளும் ஈ.சி.யூ. பெட்டியே போகலாம். பைக் ஸ்டார்ட்டுக்கு என்றே செய்த பேட்டரியை வாங்குங்கள்.

வாங்கும்போது மேலே எழுதியிருக்கும் ஆம்பியர்-மணியை அப்படியே நம்ப வேண்டாம். 7 ஆம்பியர்-மணி என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஸ்டார்ட் செய்யும் பலத்தில் அது 7 ஆம்பியர்-மணி ஆசிட் பேட்டரிக்குச் சமம் என்பதுதான் பல நேரம் அதன் பொருள். உள்ளே உண்மையில் இருப்பது இரண்டு, இரண்டரை ஆம்பியர்-மணியாக இருக்கலாம். அலாரம் மாட்டிய வண்டிக்கு இந்த வித்தியாசம் பெரிது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி சோதனை. பழைய பேட்டரி வண்டியிலேயே இருக்கட்டும். அது செத்துப்போயிருந்தால் நல்லது ஒன்றைக் கடன் வாங்கி வையுங்கள். செத்த பேட்டரியை வைத்து எடுக்கும் அளவை நம்ப முடியாது. எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, பேட்டரியின் இரண்டு முனையிலும் முள்ளை வையுங்கள். ஆக்ஸிலேட்டரை மெல்ல ஏற்றி நிமிடத்துக்கு 5000 சுற்று வரை கொண்டுபோங்கள். சுற்று காட்டும் மீட்டர் இல்லாத வண்டியில் பாதி ஏற்றினால் போதும். ஹெட்லைட் போட்டு ஒரு முறை, முடிந்தால் அணைத்து ஒரு முறை பாருங்கள்.

13.6க்கும் 14.5க்கும் நடுவில் நின்றால் நிம்மதியாக மாட்டலாம். 14.7க்கு மேல் ஏறினால் நிறுத்துங்கள், ரெகுலேட்டரை மாற்றாமல் லித்தியத்தைத் தொடவே கூடாது. ஆசிட் பேட்டரி அதிக வோல்ட்டைக் கொஞ்சம் தாங்கும். தண்ணீர் வற்றும், அவ்வளவுதான். லித்தியம் தாங்காது, வீங்கும். 13.3ஐத் தாண்டவே இல்லை என்றால் வேறு தொல்லை. முழுதாக ஏறிய லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.3 காட்டும், அதற்குக் கீழே தருகிற வண்டி அதை நிரப்பவே முடியாது.

குறைவாக வந்தால் உடனே காயிலைக் குறை சொல்லாதீர்கள். நம் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டுகிற மழை போதாதென்று ஏப்ரலில் தின்ஜான் தண்ணீர்த் திருவிழாவில் வாளி வாளியாகத் தண்ணீர் வேறு. வயர்களை இணைக்கும் கப்ளர்களுக்குள் பச்சை பூத்திருக்கும். எஞ்சின் ஓடும்போது ரெகுலேட்டரின் பிளஸ் வயரில் ஒரு முள், பேட்டரி பிளஸ்ஸில் ஒரு முள் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ கசடு. எர்த் பக்கமும் அதே மாதிரி பாருங்கள். பல வண்டிகள் கப்ளரைக் கழற்றி, சுத்தம் செய்து, கொஞ்சம் வாசலின் தடவியதுமே சரியாகிவிடுகின்றன.

அடுத்து, வண்டி சும்மா நிற்கும்போதே மின்சாரம் போகிற கசிவு. சாவியை அணைத்து, மைனஸ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியர் நிலையில் வையுங்கள். அப்போது தவறியும் செல்ஃபை அழுத்தாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் என்றால் பரவாயில்லை. அலாரம் பத்து மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்று வையுங்கள். உள்ளே இருப்பது 2 ஆம்பியர்-மணி என்றால் 200 மணி நேரத்தில், அதாவது எட்டு நாள் சொச்சத்தில் காலி. ரப்பர் தோட்டத்துக்குப் பத்து நாள் போய்த் திரும்புகிறவர் வண்டியை மைனஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். லித்தியம் ஒருமுறை அடிமட்டத்துக்கு இறங்கினால் பழையபடி ஆகாது. 8, 9 வோல்ட்டுக்கு விழுந்ததை ஓடும் காரோடு வயர் போட்டு எழுப்பப் பார்ப்பது ஆபத்து, அதைச் செய்யவே வேண்டாம்.

இதெல்லாம் சரி என்றால் மாட்டுவோம். மைனஸை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். ஸ்பானர் பிளஸ்ஸிலும் சேசிஸிலும் ஒரே நேரத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும், லித்தியத்தில் இது இன்னும் மோசம். புது பேட்டரியில் பிளஸ் எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை பாருங்கள், மாற்றி வைத்தால் மன்னிப்பே கிடையாது. லித்தியம் பழையதைவிடச் சின்னது, எடையும் பாதிக்கும் குறைவு. பெட்டிக்குள் ஆடாமல் இருக்க, கூட வரும் ஸ்பாஞ்ச் துண்டுகளை வைத்து இறுக்குங்கள். நம் சாலையில் ஆடுகிற பேட்டரியின் முனை இரும்பில் இடிக்காமல் இருக்காது.

டெர்மினலில் இருக்கும் சதுர நட் கீழே இறங்கி போல்ட்டுக்கு எட்டாமல் படுத்தும். அதன் அடியில் சின்ன ஸ்பாஞ்ச் துண்டு வைத்தால் நட் மேலே நிற்கும். பிளஸ்ஸை முதலில், மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். போல்ட்டைக் கையால் முடிந்தவரை திருகி, ஸ்பானரால் கால் சுற்று. அதற்கு மேல் இறுக்கினால் மரை உரிந்துவிடும். பிளஸ்ஸின் ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள். ஸ்டார்ட் செய்து, முன்பு சொன்ன அளவை மறுபடி எடுங்கள்.

மறுநாள் காலை சாவி போடாமல் அளந்தால் 13.2க்கு மேல் இருக்க வேண்டும். 12.8 காட்டினால் "நல்லாத்தானே இருக்கு" என்று நினைக்காதீர்கள். ஆசிட் பேட்டரிக்கு அது நிறைவு, லித்தியத்துக்கு அது கிட்டத்தட்டக் காலி. சார்ஜரில் போடுவதென்றால் லித்தியத்துக்கான சார்ஜர் வேண்டும். பழைய பேட்டரியை உயிர்ப்பிக்கிற 'ரிப்பேர்' வசதி உள்ளதை அந்த நிலையில் வைத்தால் அதிக வோல்ட் அடித்துக் கெடுத்துவிடும். படுக்கும் அறையில் சார்ஜ் போடாதீர்கள். ஏப்ரல் வெயிலில் சீட் கொதிக்கும்படி வண்டியை நிறுத்தாதீர்கள், 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏறுவது பெரும்பாலான செல்லுக்கு ஆகாது. குளிர்கிற டௌஞ்சி மலையில் இருப்பவர்கள் பனிக்கால விடியலில் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டுப் பிறகு செல்ஃபை அழுத்தலாம், செல் கொஞ்சம் சூடாகி இழுக்கும்.

எல்லா வண்டிக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 6 வோல்ட் பழைய வண்டிக்கு இந்த பேட்டரி ஆகாது. மாதத்தில் இரண்டு தடவை எடுக்கிற வண்டிக்கு ஆசிட் பேட்டரியே மலிவு, பழுதானாலும் பக்கத்து ஊரான முடோன் வரை எந்தக் கடையிலும் கிடைக்கும். தினமும் ஓட்டுகிற, செல்ஃபை நம்பியிருக்கிற வண்டிக்குத்தான் இந்தக் காசு தகும்.

கழற்றிய ஆசிட் பேட்டரியைச் சாக்கடையில் கவிழ்க்காதீர்கள். ஈயத்துக்காக எடைக்கு வாங்குகிற ஆட்கள் தெருவிலேயே வருகிறார்கள், ஆசிட்டோடு அப்படியே கொடுத்துவிடுங்கள்.