பட்டாளத்து ஜீப் வாங்கப் போகிறீர்களா?

முதலில் கலரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பட்டாளத்து ஜீப் என்றதும் மனசில் ஓடுகிற அந்த ஆலிவ் பச்சையை, ரோட்டில் ஓட்டுகிற தனியார் வண்டிக்கு அடிக்கக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 121 அதை ராணுவத்துக்கு மட்டும் என்று ஒதுக்கியிருக்கிறது. எனக்கு இது தெரிவதற்குள் நாலு லிட்டர் பெயின்ட் கலக்கி வாங்கியாகிவிட்டது. அந்த டப்பா இன்னும் வியாசர்பாடி வீட்டு மாடிப்படிக்கு அடியில்தான் கிடக்கிறது, வீட்டில் யாருக்குக் கோபம் வந்தாலும் அதைத்தான் முதலில் சொல்லிக் காட்டுவார்கள்.

என்ன வண்டி வாங்கலாம்? ராணுவத்தின் பழைய சக்திமான் லாரி மேல் ஆசை இருந்தால் முதலில் உங்கள் தெருவை அளந்து பாருங்கள். எங்கள் தெருவில் குப்பை லாரி திரும்புவதற்கே ரெண்டு பைக்கை நகர்த்த வேண்டும். ஜோங்கா நல்ல வண்டி, நிசானின் 'பேட்ரோல்' என்கிற வண்டியை வைத்து ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்தது, ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், குடிக்கிற பெட்ரோலுக்குத் தனியாகச் சம்பளம் வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்குச் சரிப்படுவது இரண்டாம் உலகப் போர் ஜீப்தான். அதாவது 1941 முதல் 45 வரை வில்லிஸ் செய்த எம்.பி., அதையே ஃபோர்ட் செய்த ஜி.பி.டபிள்யூ.

இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். "வில்லிஸ் சார், ஒரிஜினல் பட்டாளத்து வண்டி" என்று விற்க வருவதில் பாதி பிற்பாடு மஹிந்திரா இங்கேயே கட்டியது. பானட் உயரமாக, மூஞ்சி தூக்கினாற்போல் இருந்தால் அது மஹிந்திராவின் சி.ஜே. 3பி. மாடல். போர்க்கால ஜீப்புக்குப் பானட் தாழ்வு, பின்னால் திறக்கிற கதவு கிடையாது, முன் கிரில்லில் ஒன்பது பிளவு (வில்லிஸின் ஆரம்ப வண்டிகளில் மட்டும் பட்டைக் கம்பி). கீழே படுத்து ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பாருங்கள், உருண்டையாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்துப் போட்ட 'ப' மாதிரி இருந்தால் ஃபோர்ட். ஃபோர்ட்காரர்கள் போல்ட் தலையில்கூட 'எஃப்' எழுத்தைக் குத்தியிருப்பார்கள். ஒரு மாலை முழுக்க மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும் வைத்துத் துடைத்து அப்படி ஒரு போல்ட்டைக் கண்டுபிடித்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்கள்.

அடுத்தது பேப்பர். ஆர்.சி. இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள், அது காயலாங்கடைச் சரக்கு, அவ்வளவுதான். ராணுவம் இனி உதவாது என்று கழித்து ஏலத்தில் விட்ட வண்டி என்றால் அந்த ஏலத் தாள்களும் கூட இருக்க வேண்டும். சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் உங்கள் கண்ணால் பார்த்து ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். 2021இல் வந்த விண்டேஜ் விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய வண்டியை 20,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்யலாம். நம்பரில் 'வி.ஏ.' என்று வரும், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, என்ஜின் மாற்றாமல் இருக்க வேண்டும், டீசல் என்ஜினைத் தூக்கி வைத்த ஜீப்புக்கு இது நடக்காது. இன்னொன்று, அந்த நம்பரை வைத்துக்கொண்டு தினம் மார்க்கெட்டுக்குப் போக முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல், ரிப்பேர் இதற்குத்தான் எடுக்கலாம்.

சாமானுக்குப் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு. கிடைக்காததை லேத் பட்டறையில் பழைய சாமானைக் காட்டிச் செய்துகொள்ளலாம், அதற்கு நம்ம பக்கம் ஆளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் பொறுமைக்குத்தான். முதல் டிங்கர் துருவை வெட்டி எடுக்காமல் மேலேயே அரை இஞ்சுக்குப் பட்டி பூசிவிட்டார், காசிமேட்டு உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் அப்பளம் மாதிரி பொரிந்து வந்தது. அதனால் துரு பிடித்த தகட்டை வெட்டி எறிந்து, புதுத் தகடு வெல்டு பண்ணி, அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடிக்கச் சொல்லுங்கள். நாளைக்கு அடிக்கிறேன் என்றால் விடாதீர்கள், ராத்திரிக்குள் துரு பூத்துவிடும்.

சக்கரத்தில் ஒரு எச்சரிக்கை. போர்க்கால ரிம் சிலது இரண்டு பாதியாகப் போல்ட் போட்டு முடுக்கியது. டியூபில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைக் கழற்றினால் ரிம் வெடித்து ஆளை அடிக்கும். வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கியபிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும். பஞ்சர் கடைப் பையனுக்கு இது தெரிந்திருக்காது, பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

பெட்ரோல் போடுவது தனிக் கூத்து. தண்டையார்பேட்டை பங்க்கில் பையன் கையில் குழாயோடு வண்டியை ரெண்டு சுற்று சுற்றி வந்து, "அண்ணே, மூடி எங்கண்ணே?" என்றான். டிரைவர் சீட்டைத் தூக்கினால் அதற்கு அடியில் இருக்கிறது டேங்க். இப்போது வருவதெல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயாஃபிரத்தையும் அரித்துவிடும், அதைத் தாங்குகிற ரப்பராக மாற்றிவிடுங்கள். வண்டி மாசக்கணக்கில் நிற்கும் என்றால் டேங்கைக் காலியாக வடித்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் ஈரத்தை இழுத்து உள்ளேயே துரு பிடிக்கும். கரண்ட் ஆறு வோல்ட்தான், எர்த் ஒயர் பிடிக்கிற இடம் சுத்தமாக இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் முனகுமே தவிர சுற்றாது.

கலருக்கு நான் கண்டுபிடித்த வழி: அமெரிக்கக் கடற்படை ஜீப்புகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. ஹார்பர் பக்கத்து ஆளுக்கு அதுவே பொருத்தம் என்று அதையே அடித்துவிட்டேன், ஆர்.சி.யிலும் அந்தக் கலர்தான். பளபளப்பு வேண்டாம், மேட்தான் சரி. ஆனால் மேட் பெயின்டில் எண்ணெய் பட்டால் போகாது. ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த சந்தனம் பானட்டில் மூன்று விரல் அடையாளமாக இன்னும் இருக்கிறது, எடுக்கவும் மனசு வரவில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாளே கிளம்பத் தயாராக இருங்கள், காலையில் எண்ணூர் ரோடு கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் ரேடியேட்டர் கொதித்துவிடும். மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட ராணுவ நம்பர் பலகையை ரோட்டில் மாட்டாதீர்கள், மைதானத்தில் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். துப்பாக்கி வேண்டுமென்றால் மரத்தில் செய்தது போதும். ஒரு அட்டையில் வண்டியின் வருஷம், என்ஜின், எங்கே செய்தது என்று தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள். அப்படியும் யாராவது ஒரு பெரியவர் வந்து, "இது எம்டன் குண்டு போட்டப்ப வந்த வண்டியாப்பா?" என்று கேட்பார். ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து சென்னையில் குண்டு போட்டது 1914, இந்த ஜீப் அப்போது பிறக்கவே இல்லை. பொறுமையாகச் சொல்லிவிட்டு, பேரனைத் தூக்கி சீட்டில் உட்கார வையுங்கள், கியரில் மட்டும் விட்டு வைக்காதீர்கள்.