சென்னைல தெரு பிரச்சனைக்கு எந்த ஆபீஸ்ல புகார் குடுக்கணும்?

வாசல்ல தண்ணி நின்னா உடனே கார்ப்பரேஷனுக்கு போன் போடாதீங்க, முதல்ல உங்க ஏரியா யாரோடதுன்னு பாருங்க. சிஎம்டிஏ (சென்னை பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எல்லைக்குள்ள இருந்தா சென்னை கார்ப்பரேஷன்னு பலபேர் நினைச்சுக்கறாங்க, ஆனா கார்ப்பரேஷன் 2011ல பெருசாக்குனதுக்கு அப்புறமும் 426 சதுர கிலோமீட்டர் தான், சிஎம்டிஏ 2022ல 5,904 ஆயிடுச்சு, அது பிளான் போடுற ஆபீஸ், உங்க தெரு குப்பைய அள்ளாது. ஆவடியும் தாம்பரமும் தனி மாநகராட்சி, மேடவாக்கம் மாதிரி இடம்லாம் ஊராட்சி. வீட்டு வரி ரசீத எடுத்து பாருங்க, யார் பேர் போட்டிருக்கோ அவங்கதான் உங்க ஆளு.

அடுத்து நிக்குற தண்ணி என்னன்னு பாக்கணும், இதுல தான் முக்கால்வாசி பேர் சறுக்குறாங்க. மழைத்தண்ணின்னா மழைநீர் வடிகால், அது கார்ப்பரேஷன், போன் நம்பர் 1913. கருப்பா நாத்தம் அடிச்சு மேன்ஹோல்ல இருந்து பொங்குச்சுன்னா அது மெட்ரோ வாட்டர் (குடிநீர், கழிவுநீர் வாரியம்), போன் நம்பர் 1916. மாத்தி போட்டா "இது எங்களது இல்ல"ன்னு க்ளோஸ் பண்ணிடுவாங்க, எனக்கே ரெண்டு தடவ ஆச்சு, அதனால இப்பலாம் மூடி தெரியுற மாதிரி போட்டோ எடுத்துட்டு தான் போனையே எடுக்கறேன். வடிகால் சுத்தமா இருந்தும் தண்ணி வடியலன்னா அது போய் சேர்ற கால்வாய் அடைச்சிருக்கும், அடையாறு, கூவம், பக்கிங்காம் எல்லாம் நீர்வளத்துறை.

ரோடும் இதே கதை தான். உள்தெரு கார்ப்பரேஷன், ஜிஎஸ்டி ரோடு நேஷனல் ஹைவே, ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு), அத பாக்குறதுக்கு தனி கம்பெனி. பள்ளிக்கரணைக்காரங்க பாவம், கார்ப்பரேஷன் சென்னை, போலீஸ் தாம்பரம் கமிஷனரேட், பக்கத்து சதுப்பு நிலம் வனத்துறை!

புகார் நம்பர் வாங்காம போன வைக்காதீங்க. "எங்க லிமிட் இல்ல"ன்னு சொன்னா அப்ப யாரோடதுன்னு எழுத்துல கேளுங்க. அதுக்கும் மழுப்புனா பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்க, அந்த சட்டத்தோட 6(3) பிரிவுப்படி தப்பான ஆபீஸுக்கு போனாலும் அஞ்சு நாளுக்குள்ள சரியான ஆபீஸுக்கு அவங்களே அனுப்பிட்டு உங்களுக்கும் சொல்லணும், எல்லை எங்க முடியுதுன்னு தேடுற வேலை அவங்களுக்கு போயிடும்.