கலர் கலரான உப்பளத்தைப் பார்க்கப் போறீங்களா?

முதல்ல ஒண்ணு, உப்பளம் பார்க் இல்ல, வேலை நடக்கிற இடம், அதனால பர்மிஷன் கேட்காம உள்ள போகாதீங்க. பிரான்ஸ்ல எக்-மோர்த் மாதிரி சில இடத்துல உப்பளக்காரங்களே டூர் கூட்டிட்டுப் போறாங்க, அது இருந்தா அதுலயே போயிடுங்க.

கலர் சாயம் இல்லைங்க, எல்லாம் உயிருங்க! கடல் தண்ணியில உப்பு சுமார் 3.5% தான், அது பாத்தி பாத்தியா மாறி வெயில்ல வத்த வத்த உப்பு ஏறும், ஏறுறதுக்கேத்த மாதிரி உள்ள வாழுற உயிரும் மாறும், ஆரம்பப் பாத்தி பச்சையா இருக்கும், 25% தாண்டி உப்பு படியிற கடைசிப் பாத்தியில டுனாலியெல்லா பாசியும் உப்பு விரும்புற நுண்ணுயிரும் சேர்ந்து ரோஸ், சிவப்புன்னு ஆக்கிடும். கேரட்டுக்கு நிறம் தர்ற அதே பீட்டா கரோட்டின் தான் அந்தப் பாசியிலயும் இருக்கு, எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம்.

மழை பெஞ்ச உடனே போகாதீங்க, தண்ணி கலந்து நிறம் வெளுத்துடும். நல்ல வெயில்ல, சூரியன் உச்சியில இருக்கும்போது தான் கலர் தூக்கலா தெரியும், தண்ணி மேல அடிக்கிற பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் இருந்தா கேமராவுல மாட்டிக்கோங்க. மேல இருந்து பார்த்தா தான் முழு அழகு, ஃபிளைட்ல ஜன்னல் சீட் கிடைச்சா விடாதீங்க, ட்ரோன்னா ரூல்ஸ் பார்த்துட்டு பறக்க விடுங்க.

ஓரத்துல உப்பு கண்ணாடிச் சில்லு மாதிரி கூரா நிக்கும், மூடின ஷூ கட்டாயம். பாத்திக்குள்ள மட்டும் கால் வைக்கவே வைக்காதீங்க. தண்ணி, தொப்பி, கூலிங் கிளாஸ் வேணும். திரும்பினதும் ட்ரைபாட் காலை நல்ல தண்ணியில கழுவிடுங்க, இல்லன்னா துரு பிடிச்சிடும்.