காத்திருந்த நேரம் கணக்கில் சேராது: அடுக்குக்குறிப் பரவலைப் புரிந்துகொள்ளும் வழி

அடுக்குக்குறிப் பரவலைப் பயில வருபவர்கள் பெரும்பாலும் அடர்த்திச் சார்பின் வாய்பாட்டை மனப்பாடம் செய்வதில் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் பரவலின் உயிர் பிடிபடுவதில்லை என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பதிலாக ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள்: ஒன்றையொன்று சாராமல், மாறாத சராசரி வீதத்தில் நிகழும் நிகழ்வுகளில், அடுத்தது வர எவ்வளவு நேரம் ஆகும்? இந்தக் காத்திருப்பு நேரத்தின் பரவலே அடுக்குக்குறிப் பரவல்.

1910ஆம் ஆண்டில் இயற்பியலாளர்கள் ரூதர்போர்டும் கைகரும் பொலோனியம் என்னும் கதிரியக்கத் தனிமத்திலிருந்து வெளிப்பட்ட ஆல்ஃபா துகள்களை, ஒவ்வொன்றும் 7.5 விநாடி நீளமுள்ள 2,608 காலத்துண்டுகளில் எண்ணிப் பதிவு செய்தார்கள். ஒரு துண்டுக்குச் சராசரியாக 3.87 துகள்கள் கிடைத்தன. 3.87ஐ 7.5ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.516 என்னும் வீதம் வருகிறது. இதைத்தான் லாம்டா என்கிறோம். இனி, அடுத்த துகளுக்காக 4 விநாடிக்கு மேல் காத்திருக்க நேர்வதன் நிகழ்தகவைக் காண்போம். 4 விநாடிக்கு மேல் காத்திருப்பது என்றால், அந்த 4 விநாடிகளில் ஒரு துகளும் வரவில்லை என்றுதான் பொருள். அந்த நேரத்தில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 2.064, இத்தகைய நிகழ்வுகளின் எண்ணிக்கைக்குரிய பாய்சான் பரவலின்படி எண்ணிக்கை பூச்சியமாக அமைவதன் நிகழ்தகவு, 2.718 என்னும் இயல் மாறிலியை −2.064 அடுக்குக்கு உயர்த்தினால் கிடைப்பது, அதாவது ஏறத்தாழ 0.127.

பரவல் முழுவதும் இந்த ஒரு கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. 4 விநாடிக்குப் பதில் எந்த நேரத்தையும் இட்டுக் கிடைக்கும் மதிப்பை 1இலிருந்து கழித்தால் பரவல் சார்பு, அதாவது அந்த நேரத்துக்குள் துகள் வந்துவிடுவதன் நிகழ்தகவு. அதை வகையிட்டால் அடர்த்திச் சார்பு. அடர்த்தியின் உயரம் 1ஐத் தாண்டினாலும் திகைக்க வேண்டாம், ஏனெனில் நிகழ்தகவைத் தருவது வளைகோட்டின் கீழுள்ள பரப்பே. சராசரி, லாம்டாவின் தலைகீழி, இங்கே 1.94 விநாடி. திட்ட விலக்கமும் அதே அளவுதான். இடைநிலை அளவோ சராசரியின் 0.693 மடங்கு, அதாவது 1.34 விநாடி, ஆகவே ஏறத்தாழ 63 விழுக்காடு இடைவெளிகள் சராசரியைவிடக் குறுகியவை.

மாணவர்கள் தடுமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. 4 விநாடி துகளே இல்லாமல் கழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் 4 விநாடிக்கு மேல் காத்திருக்க நேர்வதன் நிகழ்தகவு என்ன? 8 விநாடிக்கு மேல் காத்திருப்பதன் நிகழ்தகவு 0.0161, அதை 0.127ஆல் வகுத்தால் மீண்டும் 0.127 வந்து நிற்கிறது. இதுவரை காத்திருந்த நேரம் எதையும் மாற்றவில்லை. இந்த நினைவின்மைப் பண்பு, தொடர் பரவல்களில் அடுக்குக்குறிப் பரவலுக்கு மட்டுமே உரியது. எனவே, தேய்ந்துபோகும் இயந்திர உறுப்புக்கோ முதுமையடையும் மனிதரின் ஆயுளுக்கோ இதைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தக் கூடாது.

தரவு கையில் இருந்தால் முதலில் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் ஒப்பிடுங்கள்; இரண்டும் நெருங்கியிருப்பது நல்ல அறிகுறி, ஆனால் அது மட்டும் போதாது. அடுத்து, ஒவ்வொரு நேரத்தையும் தாண்டி நீடித்த இடைவெளிகளின் பங்கைக் கண்டு, அதன் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். புள்ளிகள் ஏறத்தாழ நேர்கோட்டில் இறங்கினால் பரவல் பொருந்துகிறது, அக்கோட்டின் சாய்வு எதிர்க்குறியுடன் கூடிய லாம்டா. கோடு போகப்போகக் கீழ்நோக்கி வளைந்தால் தேய்மானம் இருக்கிறது என்று கொண்டு, காலப்போக்கில் வீதம் மாறுவதற்கும் இடம் தரும் வைபுல் பரவலை முயலுங்கள். அதன் வடிவ அளபுரு 1 ஆகும்போது அதுவே அடுக்குக்குறிப் பரவலாகிறது.